குளோரின் குறிப்பேடு

இரண்டு மணிக்கு ஒரு தரம்
தண்ணீரை அளந்து எழுதுவது என் வேலை.
குளோரின் எவ்வளவு, சூடு எவ்வளவு,
நீரில் எத்தனை தலைகள்.
ஐஸ்லாந்தின் மேற்கு நுனியில்
மலை கடலுக்குள் கால் வைக்கும் இடத்தில்
ஒரே தெருவுள்ள ஊர். அதில்
எல்லாரும் வந்துபோகும் வெந்நீர்க் குளம்.

நவம்பரில் சூரியன் மலையைத் தாண்டாது.
காலை ஆறரைக்கு நான் கதவு திறக்கும்போது
இருட்டில் சோலெய் நின்றிருப்பாள்.
ஏழு வயது.
பத்துக்குக் கீழே என்றால்
துணையின்றி விடக்கூடாது;
விதி என் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது.
"அம்மா கார நிறுத்திட்டு வரா."
அக்டோபரிலிருந்து அந்தக் கார்
பனிக்குள் புதைந்து கிடப்பது எனக்குத் தெரியும்.
"சரி, வா" என்பேன்.
உள்ளே கதகதப்பாக இருந்தது, அதனால்.

முதலில் கண்ணில் பட்டது அழுக்கில்லை.
ஷவரடியில் அவள் நின்ற நேரம்.
மற்ற பிள்ளைகள் பேருக்குத் தலையை நனைத்து ஓடுவார்கள்.
இவள் சுவரில் நெற்றியை வைத்து
கண்ணை மூடி
வெந்நீரை யாரோ தருவதுபோல் வாங்கிக்கொள்வாள்.
பிறகுதான் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பித்தது.
பின்னந்தலையில் சீப்பு நுழையாத சிக்கு.
அளவு பொருந்தாத இரண்டு பூட்ஸ்.
ஒரு பக்கமாகவே மெல்லும் வாய்.

துண்டு கொடுத்தேன்.
யாரோ மறந்து விட்டுப்போன ஸ்வெட்டரைக் கொடுத்தேன்.
வெள்ளிக்கிழமைகளில் இரண்டு ஹாட் டாக்.
கொடுக்கக் கொடுக்க
நிம்மதியாக இருந்தது.
எனக்கு.

வெந்நீர்த் தொட்டியில் தினமும் ஐந்து பேர்
கழுத்தளவு அமிழ்ந்து மீன் விலை பேசுவார்கள்.
ஐந்து பேரும் பார்த்தார்கள்.
"பாவம், எய்தீஸ் கொஞ்சம் சோர்ந்திருக்கா" என்றார்கள்.
எய்தீஸ் என் வகுப்புக்காரி.
இதே குளத்தில் எப்போதும்
எனக்கு முன்னால் கரை தொட்டவள்.
அவளைப் பற்றி நான் போய் யாரிடம்...
குறிப்பேட்டின் ஓரத்தில் மட்டும், பென்சிலால்,
6.30 வந்தாள். பள்ளி முடிந்து மறுபடி வந்தாள்.
20.50 போனாள். தனியாக.
நாள் போட்டு எழுதிவந்தேன்,
எதற்கென்று என்னையே கேட்காமல்.

ஒரு வெள்ளிக்கிழமை
இரண்டாவது ஹாட் டாக்கை நாப்கினில் சுற்றினாள்.
"யாருக்கு?"
"மானிக்கு. தம்பி. வெளிய ஓடிடுவான்னு பூட்டிட்டு வந்தேன்."
"அம்மா?"
"அவ எழுந்திருக்க மாட்டா."
பெருமையாகத்தான் சொன்னாள்.
கழுத்துக் கயிற்றில் தொங்கியதைத் தூக்கிக் காட்டினாள்.
இத்தனை நாளும் அதை
லாக்கர் சாவி என்று நினைத்திருந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டை அழுத்தினேன்.
எதிர்முனைக் குரல் என்னிடம் தீர்ப்புக் கேட்கவில்லை.
"நிச்சயமாத் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.
பாத்ததச் சொல்லுங்க."
குறிப்பேட்டை விரித்து வாசித்தேன்.
தேதி, மணி, பூட்ஸ், பல், சாவி.
என் பெயரை வீட்டாரிடம் சொல்ல மாட்டார்களாம்.
ஒரே தெருவில்
ஒரு பெயரை எந்தச் சந்தில் ஒளிப்பது?
"போட்டுக்கோங்க" என்றேன்.

கார் வரும்வரை
அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
யாரை அழைத்தேன், ஏன் என்று சொன்னேன்.
உன் மேல் தப்பே இல்லை என்றும் சொன்னேன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"ஹாட் டாக் ஆறிடுமா?"

அதன் பிறகு என்ன நடந்ததென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
சொல்லக்கூடாது; அதுவும் விதி.
கடையில் என்னைக் கண்டதும்
எய்தீஸ் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டாள்.
தொட்டியில் மீன் விலை
கொஞ்ச நாள் தாழ்ந்த குரலில் நடந்தது.
இரவுகளில் நான் எண்ணினேன்,
பென்சில் கோடுகளை.
நாற்பத்தொன்று.
முதல் கோட்டிலேயே அழைத்திருக்கலாம்.

மலைக்கு மேல் வெயில் திரும்பிய பிறகு ஒருநாள்
வாசலில் அந்தக் கார், பனி வழித்து.
உள்ளே எய்தீஸ். இறங்கவில்லை.
எனக்குத் தெரியாத ஒருத்தி
மானியை இடுப்பில் வைத்துக்கொண்டு சீட்டு வாங்கினாள்.
சோலெய் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கழுத்தில் ஒன்றும் இல்லை.
ஷவருக்குள் போனவள்
அரை நிமிடத்தில் வெளியே ஓடினாள்,
பாதி நனைந்த தலையோடு.

"ஏய், நில்லு!
திரும்பிப் போய் ஒழுங்கா சோப்புப் போடு!"

முதன்முறையாக
அவளைத் திட்டினேன்.